ஒரு ரவுட்டருக்குள் நான்கு வலைகள்

மூன்று தளங்களில் இயங்கும் நடுத்தர ஜவுளிக்கடை ஒன்றின் வலையமைப்பில் இன்று என்னென்ன தொங்குகின்றன என்று எண்ணிப் பார்த்தால், பில் போடும் கணினிகளும் கார்டு தேய்க்கும் இயந்திரமும் சரக்கிருப்புக் கணக்கு வைத்திருக்கும் சர்வரும் மட்டுமின்றி, கூரையில் பொருத்திய கண்காணிப்புக் கேமராக்கள், அவற்றின் காட்சிகளைச் சேமிக்கும் ரெக்கார்டர், ஊழியர்கள் விரல் வைக்கும் வருகைப்பதிவுக் கருவி, லேபிள் அச்சிடும் பிரிண்டர்கள், ஊழியர்களின் கைப்பேசிகள், புடவை எடுக்க வந்தவர்கள் சுவரில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லைப் பார்த்து வைஃபையில் இணைத்துக்கொண்ட கைப்பேசிகள் என அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். இணைய நிறுவனம் பொருத்திவிட்டுப் போன ரவுட்டர், இவற்றுக்கிடையே எந்த வேறுபாடும் பார்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் 192.168.1 என்று தொடங்கும் முகவரி ஒன்றைக் கொடுத்து ஒரே வலைக்குள் உட்காரவைத்துவிடுகிறது.

ஒரே வலைக்குள் இருப்பது என்பதற்குத் திட்டவட்டமான தொழில்நுட்பப் பொருள் உண்டு. ஒரு கணினி மற்றொன்றுக்குத் தரவு அனுப்ப வேண்டுமானால், அதன் ஐபி முகவரி தெரிந்தால் போதாது. அந்தக் கருவியின் வலை அட்டையில் தொழிற்சாலையிலேயே பொறிக்கப்பட்ட 48 பிட் வன்பொருள் முகவரியும் தெரிய வேண்டும். அதைக் கண்டறிய, "192.168.1.20 யாருடையது?" என்ற கேள்வியை வலையிலுள்ள அனைவர் காதிலும் விழும்படி பொது அறிவிப்பாக அனுப்புகிறது. அந்த முகவரிக்கு உரிய கருவி மட்டும் தன் வன்பொருள் முகவரியைச் சொல்லிப் பதிலளிக்கிறது. 1982ஆம் ஆண்டு டேவிட் பிளம்மர் வரையறுத்த, ஏஆர்பி எனப்படும் இந்த நெறிமுறையில் கேட்பவர் யார், பதில் சொல்பவர் யார் என்று சரிபார்க்கும் வழி எதுவும் கிடையாது. ஒரே அறிவிப்பைக் கேட்கும் தொலைவிலிருக்கும் கருவிகள் அனைத்தும், ரவுட்டரின் துணையோ அனுமதியோ இன்றி, ஒன்றையொன்று நேரடியாக எட்டலாம்.

வலையைப் பல சப்நெட்களாக, அதாவது சிறு உள்வலைகளாக, பிரிக்க வேண்டியதற்குப் பாடநூல்கள் சொல்லும் முதல் காரணம், இத்தகைய பொது அறிவிப்புகள் பெருகி நெரிசல் உண்டாகும் என்பதாகும். பல்லாயிரம் கருவிகள் உள்ள வளாகத்துக்கு அது பொருந்தும். அறுபது, எழுபது கருவிகள் உள்ள கடைக்கு அது ஒரு பொருட்டே அல்ல. சிறு தொழில்களுக்கு உண்மையான காரணம் நம்பிக்கை பற்றியது. 2016ஆம் ஆண்டு உலகெங்கும் பரவிய மிராய் என்ற தீநிரல், வீடுகளிலும் கடைகளிலும் இருந்த கேமராக்களையும் ரெக்கார்டர்களையும், அவற்றின் தயாரிப்பாளர்கள் வைத்த மாற்றப்படாத கடவுச்சொற்களைக் கொண்டே கைப்பற்றியது. அப்படித் திரட்டிய படையைக் கொண்டு அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் தேதி டின் என்ற இணையப் பெயர்ச் சேவை நிறுவனத்தைத் தாக்கி, பெரும் இணையதளங்கள் பலவற்றை மணிக்கணக்கில் முடக்கினார்கள். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2013ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் டார்கெட் அங்காடித் தொடரில் ஏறத்தாழ 4 கோடி கார்டுகளின் விவரங்கள் திருடு போயின. திருடர்கள் உள்ளே வந்தது, குளிர்பதன வேலைகளைச் செய்துவந்த வெளி ஒப்பந்ததாரர் ஒருவரின் உள்நுழைவு விவரங்களைக் கொண்டு. அங்கிருந்து பணம் வாங்கும் இயந்திரங்கள் வரை நகர்ந்து செல்ல அவர்களுக்கு வழி கிடைத்ததுதான் அந்தத் திருட்டை அவ்வளவு பெரிதாக்கியது. ஐநூறு ரூபாய் மிச்சம் பிடிக்க வாங்கிய கேமராவும் கடையின் பில் கணினியும் ஒரே வலையில் இருக்கும்போது, அந்த வலையின் பாதுகாப்பு அந்தக் கேமராவின் பாதுகாப்பு அளவுக்குத்தான் இருக்கும்.

பிரிப்பது எப்படி என்பதற்கு முதலில் எண்களுக்குள் செல்ல வேண்டும். ஐபி முகவரி என்பது 32 பிட்கள் கொண்ட ஓர் இரும எண். மனிதர்களின் வசதிக்காக அதை எட்டெட்டுப் பிட்களாக வெட்டி, நான்கு பதின்ம எண்களாகப் புள்ளியிட்டு எழுதுகிறார்கள். இந்த 32 பிட்களில் முன்பகுதி எந்த வலை என்பதையும், பின்பகுதி அந்த வலைக்குள் எந்தக் கருவி என்பதையும் குறிக்கின்றன. முன்பகுதி எங்கே முடிகிறது என்பதை முகவரியைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. அதைச் சொல்வதற்கென்றே சப்நெட் மாஸ்க் என்ற இன்னொரு 32 பிட் எண் உடன் வருகிறது. வலைக்குரிய பிட்கள் உள்ள இடமெல்லாம் மாஸ்க்கில் 1 இருக்கும், கருவிக்குரிய இடமெல்லாம் 0 இருக்கும். முகவரியையும் மாஸ்க்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, இரண்டிலும் 1 உள்ள இடத்தில் மட்டும் 1 என்று எழுதினால் வலையின் எண் கிடைத்துவிடும். எடுத்துக்காட்டாக, 192.168.10.77 என்ற முகவரியும் 255.255.255.192 என்ற மாஸ்க்கும் தரப்பட்டால், முதல் மூன்று எண்கள் அப்படியே இறங்கிவிடும்; கடைசியில் 77 என்பது 01001101, 192 என்பது 11000000, இரண்டிலும் 1 உள்ள இடங்களை மட்டும் எடுத்தால் 01000000, அதாவது 64. எனவே இந்தக் கருவி 192.168.10.64 என்ற வலையைச் சேர்ந்தது. மாஸ்க்கில் 26 பிட்கள் 1 ஆக இருப்பதால் இவ்வலையைச் சுருக்கமாக 192.168.10.64/26 என்று எழுதுவார்கள். எஞ்சிய 6 பிட்களில் 64 எண்கள் அடங்கும். அவற்றில் முதலாவது வலையின் பெயராகவும் கடைசியான 127 பொது அறிவிப்புக்கான முகவரியாகவும் ஒதுங்கிவிட, கருவிகளுக்கு 62 மிஞ்சும்.

இந்த மாஸ்க், இணையம் பிறந்தபோது உடன் பிறந்ததல்ல. 1981ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜான் போஸ்டல் பதிப்பித்த ஐபி நெறிமுறை ஆவணத்தில், முகவரியின் தொடக்கப் பிட்களே அது ஏ, பி, சி என்ற மூன்று வகுப்புகளில் எதைச் சேர்ந்தது என்று சொல்லிவிடும். ஏ வகுப்பு வலைக்குள் 1.6 கோடிக்கும் மேல், பி வகுப்புக்குள் 65,536, சி வகுப்புக்குள் 256 என்று அளவு முன்கூட்டியே முடிவாகியிருந்தது. ஒரு நிறுவனத்துக்கு ஒரு வலை என்பதே அந்த ஏற்பாட்டின் எதிர்பார்ப்பு. ஆனால் பல்கலைக்கழகங்களில் நிலைமை அப்படி இல்லை. ஸ்டான்ஃபோர்டில் 1979ஆம் ஆண்டிலிருந்தே ஜெராக்ஸ் ஆய்வகத்தின் பப் நெறிமுறையில் பல ஈதர்நெட்கள் தனித்தனியே ஓடிக்கொண்டிருந்தன. ஐபி வந்தபோது, அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்த 36 என்ற ஏ வகுப்பு வலைக்குள் அடுத்த எட்டுப் பிட்களை எடுத்து, ஏற்கெனவே இருந்த பப் வலைகளின் எண்களையே அதில் பொருத்திக்கொண்டார்கள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் இதே நெருக்கடிக்கு வேறொரு தீர்வு கண்டிருந்தார்கள். ஊருக்கு ஊர் ஒரு வழக்கம் என்று போய்க்கொண்டிருந்ததை ஒழுங்குபடுத்த, ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜெஃப்ரி மோகல் 1984ஆம் ஆண்டு அக்டோபரில் ஆர்எஃப்சி 917 என்ற முன்மொழிவை எழுதினார். அடுத்த ஆகஸ்டில் அவரும் போஸ்டலும் சேர்ந்து எழுதிய ஆர்எஃப்சி 950 அதைத் தரநிலையாக்கியது. வெளியுலகுக்கு ஒரே வலையாகத் தெரிந்துகொண்டு உள்ளே பலவாக இருக்கலாம் என்ற உரிமையே அதன் சாரம். 1993இல் வகுப்புகளே கைவிடப்பட்டு, எந்தப் பிட்டில் வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம் என்றானது. 1996இல் 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 ஆகியவற்றில் தொடங்கும் முகவரிகள் யார் வேண்டுமானாலும் தம் சுவர்களுக்குள் பயன்படுத்திக்கொள்ள ஒதுக்கப்பட்டன. ஜவுளிக்கடையின் ரவுட்டர் வழங்கும் முகவரிகள் இந்த மூன்றாவது ஒதுக்கீட்டிலிருந்து வருபவை. அதில் மட்டும் 65,536 முகவரிகள் இருப்பதால், ஒரு கடைக்குச் சிக்கனம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

மாஸ்க்கைப் பற்றிக் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு; பல கோளாறுகளின் வேர் அதில்தான் இருக்கிறது. மாஸ்க் எங்கோ நடுவில் அமர்ந்து காவல் காப்பதில்லை. ஒவ்வொரு கருவியும் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் குறிப்பு அது. தரவு அனுப்பும் முன் கருவி தன் முகவரியையும் சேருமிடத்தின் முகவரியையும் தன் மாஸ்க்கால் வடித்துப் பார்க்கிறது. வலை எண் ஒன்றாக இருந்தால் ஏஆர்பி மூலம் நேரடியாகக் கேட்கிறது. வேறாக இருந்தால் தரவை ரவுட்டரிடம், அதாவது கேட்வே என்று அமைப்புப் பக்கத்தில் குறித்திருக்கும் முகவரியிடம், கொடுத்துவிடுகிறது. இந்தக் குறிப்பு தவறாக இருந்தால் விளைவு விசித்திரமாக இருக்கும். 192.168.20.5 என்ற கணினிக்கு 255.255.255.0 என்று இருக்க வேண்டிய மாஸ்க்கை யாரோ 255.255.0.0 என்று கையால் அடித்துவிட்டார் என்று கொண்டால், 192.168.10.9இல் இருக்கும் பிரிண்டரும் தன் வலையிலேயே இருப்பதாக அந்தக் கணினி நினைத்துக்கொள்ளும். தன் பக்கத்தில் கூவிப் பார்க்கும், பதில் வராது. பிரிண்டர் அனுப்பும் தரவு ரவுட்டர் வழியாகக் கணினிக்கு ஒழுங்காக வந்து சேரும். கணினி திருப்பி அனுப்புவது மட்டும் போகாது. இணையமோ 192.168க்கு வெளியே இருப்பதால் தடையின்றி வேலை செய்யும். இணையம் வருகிறதே, ஆகவே கணினியில் குறையில்லை என்று முடிவு செய்து பிரிண்டரைக் கழற்றத் தொடங்குவது இந்த இடத்தில்தான் நடக்கிறது. சில ரவுட்டர்கள், தம் வழியே எட்டக்கூடிய முகவரிக்கு ஏஆர்பி கேள்வி எழும்போது தாமே முன்வந்து பதில் சொல்லிவிடும் பழக்கமுடையவை. அவை இருக்குமிடத்தில் இந்தத் தவறு பல ஆண்டுகள் வெளியே தெரியாமலிருந்து, ரவுட்டரை மாற்றிய நாளில் தலைகாட்டும்.

மாஸ்க் அவரவர் குறிப்பு என்பதிலிருந்தே அடுத்த முடிவு பிறக்கிறது: எண்ணை மாற்றி வைப்பதால் மட்டும் எதுவும் பிரிந்துவிடாது. ஒரே ஸ்விட்ச்சில் செருகிய பத்துக் கணினிகளில் ஐந்துக்கு 192.168.10 என்றும் ஐந்துக்கு 192.168.20 என்றும் முகவரி கொடுத்தால், தாள் மீது இரண்டு சப்நெட்கள் இருக்கும். கம்பியில் ஒன்றே இருக்கும். ஒரு பக்கத்தவர் அனுப்பும் பொது அறிவிப்பு மறுபக்கத்தவருக்கும் போய்க்கொண்டுதான் இருக்கும். தன் முகவரியைக் கையால் மாற்றிக்கொள்ளத் தெரிந்த எவரும் அரை நிமிடத்தில் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடலாம். போதாக்குறைக்கு, புதிதாக இணையும் கருவி முகவரி கேட்பதே பொது அறிவிப்பாகத்தான். டிஎச்சிபி எனப்படும், முகவரி வழங்கும் சேவைகள் இரண்டு ஒரே கம்பியில் இருந்தால், எது முந்திக்கொள்கிறதோ அதன் முகவரியே கருவிக்குக் கிடைக்கும். கடைகளில் அடிக்கடி நடக்கும் கோளாறு ஒன்றும் இந்த வகையைச் சேர்ந்தது. வைஃபை எட்டாத மூன்றாம் தளத்துக்கு, வீட்டில் சும்மா கிடந்த பழைய ரவுட்டரைக் கொண்டுவந்து, அதன் உள்வலைத் துளையில் கேபிளைச் செருகிவிடுவார்கள். அதுவும் தன் பங்குக்கு முகவரி வழங்கத் தொடங்க, பில் கணினிகள் ஒவ்வொன்றாக 192.168.0 என்ற அயல் முகவரியோடு விழித்து, சர்வரைக் காணாமல் நிற்கும்.

கம்பியையே பிரிக்க வேண்டுமானால் சப்நெட்டுக்கு ஒரு ஸ்விட்ச், ஒரு தனி கேபிள் என்று இழுக்கலாம். நான்கு சப்நெட், மூன்று தளம் என்றால் செலவு எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இதற்கு மாற்றாக வந்ததுதான் விலேன். 1998இல் 802.1க்யூ என்ற பெயரில் தரநிலையான இந்த முறையில், ஸ்விட்ச்சுக்குள் ஓடும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது கம்பியில் பயணிக்கும் தரவுத் துண்டுக்கும், அது எந்த வலையைச் சேர்ந்தது என்ற எண் ஒட்டப்படுகிறது. அனுப்புநரின் வன்பொருள் முகவரிக்கு அடுத்து 4 பைட்கள் கூடுதலாகச் செருகப்படுகின்றன. அவற்றுள் 12 பிட்கள் விலேன் எண்ணுக்கு உரியவை. 4,096 எண்களில் முதலும் கடைசியும் ஒதுக்கப்பட்டவை என்பதால் 4,094 வலைகள் வரை ஒரே கம்பியில் கலவாமல் ஓடலாம். கணினியும் பிரிண்டரும் செருகும் துளைகளில் இந்த எண் வெளியே தெரியாது. கருவி சாதாரண ஃபிரேமை அனுப்ப, ஸ்விட்ச் அதற்கு எண் இட்டு உள்ளே எடுத்துக்கொள்ளும், திருப்பிக் கொடுக்கும்போது எண்ணைக் கழற்றிவிடும். ஸ்விட்ச்சையும் ரவுட்டரையும் இணைக்கும் துளை மட்டும் டிரங்க் என்று அமைக்கப்பட்டு, எல்லா வலைகளின் ஃபிரேம்களையும் எண்ணோடு சுமந்து செல்லும். வைஃபையிலும் இதே ஏற்பாடு உண்டு. ஒரே பெட்டி இரண்டு பெயர்களை ஒலிபரப்பி, ஒரு பெயரில் சேருபவர்களை ஒரு விலேனிலும் மற்றொரு பெயரில் சேருபவர்களை இன்னொன்றிலும் விட முடியும். இதற்கெல்லாம் அமைப்புப் பக்கம் உள்ள, மேனேஜ்டு என்று கடைக்காரர்கள் சொல்லும் வகை ஸ்விட்ச் தேவை. எண்ணைப் புரிந்துகொள்ளாத மலிவு ஸ்விட்ச்சை நடுவில் வைத்தால் எல்லா வலையும் ஒரே துளைகளில் கலந்து வெளிவரும்.

சிறு ரவுட்டர்களுக்குள்ளேயே இந்த நுட்பம் பல காலமாக ஒளிந்திருக்கிறது. 2002ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்து உலகெங்கும் விற்ற லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் பின்புறத்தில், இணையத்துக்கான துளை தனியாகவும் கணினிகளுக்கான நான்கு துளைகள் தனியாகவும் இருக்கும். பெட்டியைத் திறந்தால், அதன் பல பதிப்புகளில், ஐந்து துளைகளும் ஒரே ஸ்விட்ச் சில்லுக்குத்தான் போகும். இணையத் துளை ஒரு விலேன், மற்ற நான்கும் இன்னொரு விலேன் என்று மென்பொருளில் எழுதிய இரண்டு வரிகளே கடைக்கும் உலகத்துக்கும் நடுவிலிருந்த எல்லை. அந்த ரவுட்டரின் மூல நிரல் 2003இல் வெளியிடப்பட்டு, அதிலிருந்து 2004இல் ஓபன்டபிள்யூஆர்டி என்ற கட்டற்ற மென்பொருள் திட்டம் கிளம்பியபோது, ஆர்வலர்கள் செய்து பார்த்தவற்றில் ஒன்று, அந்த நான்கு துளைகளையும் தனித்தனி விலேன்களாக வெட்டுவது. இன்று ஐந்தாறாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் தொழில்முறை ரவுட்டர்களில் அது அமைப்புப் பக்கத்தில் ஒரு பட்டியலாகவே வந்துவிட்டது. இணைய நிறுவனங்கள் இலவசமாகத் தரும் பெட்டிகளில் பெரும்பாலும் வராது. அவற்றை ஃபைபரை வாங்கிக்கொள்ளும் கருவியாக மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் வேறு ரவுட்டரை வைப்பதே நடைமுறையில் நல்லது.

ஜவுளிக்கடைக்குத் திரும்பினால், நான்கு சப்நெட்கள் போதும். பில் கணினிகளுக்கும் சர்வருக்கும் 192.168.10.0/24, அலுவலகத்துக்கும் ஊழியர்களுக்கும் 192.168.20.0/24, கேமராக்களுக்கும் வருகைப்பதிவுக் கருவிக்கும் 192.168.30.0/24, வாடிக்கையாளர்களுக்கு 192.168.40.0/24. விலேன் எண்களையும் 10, 20, 30, 40 என்றே வைத்துக்கொள்வது எந்த விதியும் கட்டாயப்படுத்தாத வழக்கம்தான். ஆனால் ஓராண்டு கழித்து வேறொருவர் வந்து பார்க்கும்போது முகவரியின் மூன்றாவது எண்ணே வலையைச் சொல்லிவிடும். /26 என்று வெட்டி ஒரே 256க்குள் நான்கையும் அடைப்பது தேர்வுத்தாளில் மதிப்பெண் பெற உதவும். தனி முகவரிகள் 65,536 சும்மா கிடக்கும்போது கடையில் அப்படிச் செய்வதால் கிடைப்பது தலைவலி மட்டுமே. கார்டு இயந்திரத்தைத் தனியாகப் பிரிக்க வேண்டுமா என்ற கேள்வியும் எழும். கார்டு நிறுவனங்களின் பிசிஐ பாதுகாப்புத் தரநிலை, வலையைப் பிரித்தே ஆக வேண்டும் என்று சொல்வதில்லை. பிரிக்காவிட்டால் வலையிலுள்ள அத்தனையும் தணிக்கைக்கு உட்படும் என்கிறது, அதுவே போதுமான காரணம். வாடிக்கையாளர் வலைக்கு மட்டும் வேறு கணக்கு வேண்டும். 254 முகவரிகளை ஒரு நாள் கெடுவோடு வழங்கினால், தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் அவை தீர்ந்துவிடும். முகவரி வாங்கிய கைப்பேசி வீட்டுக்குப் போய்விட்டாலும் கெடு முடியும்வரை அது திரும்பாது. கெடுவை ஒரு மணி நேரமாகக் குறைப்பது, வலையை /23 ஆக்கி 510 முகவரிகளாக விரிப்பதைவிட எளிய வழி.

இவ்வளவையும் செய்து முடித்து, ஒவ்வொரு விலேனுக்கும் ரவுட்டரில் ஒரு முகவரியும் ஒரு டிஎச்சிபி சேவையும் அமைத்துவிட்டு, வாடிக்கையாளர் வைஃபையில் சேர்ந்த கைப்பேசியிலிருந்து பில் சர்வரை எட்டிப் பார்த்தால், சர்வர் பதில் சொல்லும். ரவுட்டரின் பிறவிக் குணமே இணைப்பது என்பதை மறந்ததால் வரும் விளைவு இது. ஒரு சப்நெட்டில் தனக்கொரு முகவரி கிடைத்ததுமே, அந்தச் சப்நெட் இந்தத் துளையில் இருக்கிறது என்று தன் வழித்தட அட்டவணையில் ரவுட்டர் எழுதிக்கொள்கிறது. நான்கு சப்நெட்களிலும் முகவரி இருந்தால் நான்குக்கும் வழி தெரியும், தெரிந்த வழியில் தரவை அனுப்பிவைப்பதே அதன் வேலை. சுவர் எழுப்பிய கையோடு அதில் கதவையும் திறந்து வைத்தது போன்ற நிலை இது. பிரிவினை உண்மையில் நடப்பது ஃபயர்வால் விதிகளில், அதாவது எந்தத் தரவு கடக்கலாம், எது கூடாது என்று ரவுட்டரில் எழுதும் விதிகளில்தான். சப்நெட்டும் விலேனும் அந்த விதிகளை எழுதுவதற்கான இடத்தை உண்டாக்கித் தருகின்றன, அவ்வளவே. ஒரே சப்நெட்டுக்குள் ஓடும் தரவு ரவுட்டரின் கண்ணில் படுவதே இல்லை என்பதால் அங்கே விதி எழுத முடியாது. சப்நெட் தாண்டும்போதுதான் அது ரவுட்டரிடம் வந்தாக வேண்டும்.

விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும்; முதலில் பொருந்துவது எதுவோ அதுவே தீர்ப்பு. ஏற்கெனவே நிறுவப்பட்ட இணைப்புக்குரிய பதில்களை அனுமதி என்பது பட்டியலின் தலையில் வர வேண்டும். ரவுட்டர் ஒவ்வொரு உரையாடலையும் யார் தொடங்கினார் என்பதோடு நினைவில் வைத்திருப்பதால் இது சாத்தியமாகிறது. அலுவலகக் கணினி கேமராவின் காட்சியைக் கேட்டால் காட்சி திரும்பி வரும். கேமரா தானாக அலுவலகத்துக்கு ஓர் இணைப்பைத் தொடங்கினால் அது மறுக்கப்படும். இவ்விரண்டையும் வேறுபடுத்த முடிவதுதான் இந்த ஏற்பாட்டின் சிறப்பு. அடுத்து, அலுவலக வலை கேமரா வலையை எட்டலாம். வாடிக்கையாளர் வலை இணையத்துக்கு மட்டும் போகலாம். கேமரா வலை எங்கேயும் போகக் கூடாது. முடிவில், சொல்லாத எல்லாவற்றுக்கும் மறுப்பு. கேமராக்களை முற்றிலும் அடைத்துவிட்டால் ஓர் உபத்திரவம் உண்டு: இணையத்திலிருந்து நேரம் வாங்கிக்கொள்ள முடியாமல் அவற்றின் கடிகாரங்கள் மெல்ல மெல்ல விலகும், திருட்டு ஒன்று நடந்து காவல் நிலையத்தில் காட்சியைக் கேட்கும்போது திரையிலுள்ள நேரம் எட்டு நிமிடம் தள்ளியிருக்கும். ரவுட்டரையே நேரம் சொல்லும் சர்வராக அமைத்து, அந்த ஒரு கேள்வியை மட்டும் அனுமதிப்பது இதற்குத் தீர்வு. கடை முதலாளி வீட்டிலிருந்து கைப்பேசியில் கடையைப் பார்க்க விரும்பினால், ரெக்கார்டருக்கு மட்டும் இணைய வழி திறக்க வேண்டியிருக்கும். பாதுகாப்பு நோக்கில் அது சமரசம்தான், ஆனால் இருபது கேமராக்களுக்குத் திறப்பதற்குப் பதில் ஒன்றுக்குத் திறக்கும் சமரசம்.

பலர் கவனிக்காமல் விடும் துளை ரவுட்டர்தான். ரவுட்டரின் வழியாகக் கடந்து செல்லும் தரவுக்கும், ரவுட்டருக்கே வரும் தரவுக்கும் விதிப்பட்டியல்கள் வெவ்வேறு. முதல் பட்டியலில் வாடிக்கையாளர் வலையிலிருந்து பில் வலைக்குத் தடை போட்டிருந்தாலும், 192.168.10.1 என்பது ரவுட்டரின் சொந்த முகவரி; அது கடந்து செல்லும் தரவு ஆகாததால், புடவை எடுக்க வந்தவரின் கைப்பேசியில் அந்த எண்ணை அடித்தால் ரவுட்டரின் கடவுச்சொல் பக்கம் திறந்துவிடக்கூடும். வாடிக்கையாளர் வலையிலிருந்து ரவுட்டரிடம் கேட்கத்தக்கவை முகவரியும் பெயர்த்தேடலும் மட்டுமே; மற்றவற்றை இரண்டாம் பட்டியலில் அடைக்க வேண்டும். இதற்கு நேரெதிரான கோளாறும் உண்டு. தனி முகவரிகளைப் பொது முகவரியாக மாற்றி இணையத்துக்கு அனுப்பும் நாட் விதி, சில ரவுட்டர்களில் முதல் சப்நெட்டை மட்டும் பெயர் சொல்லிக் குறித்திருக்கும். புதிய சப்நெட்டிலிருந்து ரவுட்டருக்குப் பிங் எனும் சோதனைச் செய்தி போகும், மற்ற சப்நெட்டுக்கும் போகும், இணையம் மட்டும் வராது, தரவு 192.168.40 என்ற அனுப்புநர் முகவரியோடே வெளியேறி, பதில் திரும்பி வர வழியற்றுப் போயிருக்கும்.

பிரித்ததால் உடையும் வசதிகளும் சில இருக்கின்றன. கைப்பேசியைத் திறந்தவுடன் பிரிண்டரின் பெயர் தானாகத் தோன்றுவது, 224.0.0.251 என்ற குழு முகவரிக்கு அனுப்பப்படும் அறிவிப்பால் நடக்கிறது; அது தன் வலைக்குள் மட்டுமே உலவ வேண்டும் என்பது அதன் வரையறை. பிரிண்டரை வேறு சப்நெட்டுக்கு மாற்றியதும் பட்டியலிலிருந்து அது மறையும், "பிரிண்டர் போச்சு" என்று குரல் எழும். முகவரியைக் கையால் அடித்தால் அச்சு வரும். அல்லது இத்தகைய அறிவிப்புகளை மட்டும் இரு வலைகளுக்கிடையே எடுத்துச்சொல்லும் சேவை ரவுட்டரில் இருந்தால் அதை இயக்கலாம். ரெக்கார்டரை எந்தச் சப்நெட்டில் வைப்பது என்பதிலும் யோசனை வேண்டும். கேமராக்களோடு ஒரே சப்நெட்டில் இருந்தால் காட்சிகள் ஸ்விட்ச்சுக்குள்ளேயே ஓடி முடிந்துவிடும்; அலுவலகச் சப்நெட்டில் வைத்தால் இருபது கேமராக்களின் காட்சியும் இரவும் பகலும் ரவுட்டரின் சிறிய செயலியைக் கடந்து போக, பில் போடுவதில் தாமதம் தெரியத் தொடங்கும். அடுத்த ஊரில் கிளை திறந்து இரண்டையும் விபிஎன், அதாவது இணையத்தின் ஊடே அமைக்கும் தனி இணைப்பு, வழியாக இணைக்கும் நாளில், இரு கடைகளிலும் 192.168.1 என்றே இருந்தால் எந்த ரவுட்டருக்கும் எதை எங்கே அனுப்புவது என்று தெரியாது. தொடக்கத்திலேயே அந்த எண்ணைத் தவிர்ப்பதற்கு இதுவே காரணம்.

இதுவரை சொன்னவை பழைய ஐபி முகவரிகளுக்கு உரியவை. உலக அளவிலான அவற்றின் கையிருப்பு 2011ஆம் ஆண்டு பிப்ரவரியில் தீர்ந்து, இந்தியாவின் இணைய நிறுவனங்கள் பல இன்று 128 பிட் கொண்ட ஐபிவி6 முகவரிகளையும் சேர்த்தே வழங்குகின்றன. அங்கே சப்நெட் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்ற கணக்கு எழுவதில்லை. கருவிகள் தாமாக முகவரி அமைத்துக்கொள்ள ஒவ்வொரு சப்நெட்டுக்கும் 64 பிட்கள் தேவை, ஆகவே எல்லாம் /64. நிறுவனம் /56 அளவு கொடுத்தால் 256 சப்நெட்கள் வரை வெட்டலாம், ஒரே ஒரு /64 கொடுத்தால் ஒரு சப்நெட்டுக்கு மேல் நகர முடியாது. இதை இணைப்பு வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பல ரவுட்டர்களில் ஐபிவி6க்கான விதிப்பட்டியல் தனி. 192.168.40இலிருந்து 192.168.10க்குத் தடை என்று எழுதிய விதி, அதே கைப்பேசி அதே சர்வரை ஐபிவி6 முகவரியில் அழைக்கும்போது பொருந்தாது; விண்டோஸ் கணினிகளில் ஐபிவி6 வாங்கும்போதே இயக்கத்தில் இருப்பதால், யாரும் கேட்காமலே அந்த இரண்டாவது வழி நான்கு சப்நெட்களிலும் திறந்திருக்கக்கூடும். விதியை முகவரியின் பெயரில் எழுதாமல் விலேனின் பெயரில் எழுத அனுமதிக்கும் ரவுட்டர்களில் ஒரே வரி இரண்டுக்கும் பொருந்துவது உண்டு. அந்த வசதி இல்லாத இடத்தில், பழைய ஐபிக்கான பட்டியலில் உள்ள ஒவ்வொரு மறுப்பையும் ஐபிவி6 பட்டியலிலும் மீண்டும் எழுதி, வாடிக்கையாளர் வைஃபையில் ஒரு மடிக்கணினியைச் சேர்த்து இரண்டு வகை முகவரியிலும் சர்வரை அழைத்துப் பார்க்க வேண்டும்.